கைநூல் காலம் – 9: நூற்றவர் பெயர்

கிருஷ்ணகிரியில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறி இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊத்தங்கரை தாண்டியதும் ஒரு மலை கூடவே வரத் தொடங்கும். சிங்காரப்பேட்டை வருவதற்குள் நன்றாகக் கிட்டே வந்துவிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை அது. மேலே ஜமுனாமரத்தூர். இன்னொரு பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். சாமை, தேன், புளி, சந்தனம் என்று சொன்னால் இந்த மலை நினைவுக்கு வரும். தறி என்று சொன்னால் யாருக்கும் வராது.

மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி பழங்குடிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதுண்டு. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் குறித்து 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. தறிகளின் ஊரிலிருந்து புறப்பட்ட கதைதான். ஆனாலும் அதில் தறி வருவதில்லை.

அப்படிப்பட்ட மலையின் அடிவாரத்தில், புளியானூர் என்ற சிற்றூரை ஒட்டி, குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. சிவராஜும் அவருடைய நண்பர்களும் வளர்த்தெடுத்த குக்கூ குழந்தைகள் இயக்கத்தின் நிலம் அது. ‘தும்பி’ சிறார் இதழ், ‘தன்னறம்’ பதிப்பகம், தூர்ந்துபோன ஊர்க்கிணறுகளைத் திரும்பத் தோண்டி நீர் காணும் வேலை என்று அங்கிருந்து கிளைத்தவை பல. அவற்றில் இரண்டு இந்தத் தொடருக்கு நேரடியாக வேண்டியவை. ஒன்று, கணினித் துறை வேலையை விட்டுவிட்டு வந்த சிவகுருநாதன் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை வட்டாரக் கைத்தறி நெசவாளர்களோடு சேர்ந்து நடத்தும் ‘நூற்பு’. மற்றொன்று, அடிவாரக் கிராமத்துப் பெண்கள் தைத்து உருவாக்கும் துணிப்பொருட்களுக்கான ‘துவம்’.

படித்த இளைஞர்கள் நகரத்து வேலையை விட்டு வந்தால் பத்திரிகைகள் அந்த ‘விட்டு வந்த’ கதையை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் வைத்த பெயர். தறியை நம்பி நடக்கும் ஒரு முயற்சிக்கு நெசவு என்று பெயர் வைக்கவில்லை, நூற்பு என்று வைத்தார்கள். நெசவுக்கு முந்தைய வேலையின் பெயர் அது. துணியின் வரலாற்றில் எல்லோரும் தாண்டிப் போய்விடும் இடமும் அதுதான். இந்த அத்தியாயம் அந்த இடத்தில் கொஞ்சம் உட்காரப் போகிறது.

*

தமிழ் அந்த வேலையை மறந்த மொழி அல்ல. இழைக்கும் நூல் என்று பெயர், ஏட்டுக்கும் நூல் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், இலக்கண நூலுக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்று விளக்கும்போது ஒரு ராட்டையைத்தான் முன்னே கொண்டுவந்து வைக்கிறார். சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் காட்டுகிறார். புலவன் நூற்கும் பெண்ணாகிறான், அவன் வாய் அவள் கையாகிறது, அறிவு கதிராகிறது. கதிர் என்றால் ராட்டையில் சுழலும் கூரிய இரும்புத் தண்டு. புலவனுக்கு உவமையாக அரசனையோ தச்சனையோ எடுக்காமல், பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார் இலக்கண ஆசிரியர். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்தன. அந்தப் பெண் எத்தனை பழையவள் என்பதற்கு அதுவே சாட்சி.

இலக்கணத்தில் இடம் பிடித்தவள் கூலிக் கணக்கில் இடம் பிடிக்கவில்லை. நெசவாளருக்குச் சாதி உண்டு, தெரு உண்டு, சங்கம் உண்டு, பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளபட்டி என்று ஊர்ப்பெயரே அவருடைய முத்திரை. நூற்றவளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவள் எந்தச் சாதியிலும் இருந்தாள். விதவையாக, முதியவளாக, அறுப்பு முடிந்து வேலையற்ற மாதங்களில் வீட்டிலிருக்கும் கூலிப்பெண்ணாக இருந்தாள். ஒரு கைத்தறி ஓயாமல் ஓட ஏழெட்டு ராட்டைகளாவது சுழல வேண்டும். அப்படியென்றால் துணி செய்யும் கைகளில் பெரும்பகுதி அவளுடையவைதான்.

மில் நூல் வந்தபோது முதலில் அடிபட்டவளும் அவளே. கைத்தறி மில் துணியோடு போட்டி போட்டுத் தப்பிப் பிழைத்தது, மில் நூலை வாங்கிக் கொண்டு. ராட்டைக்கு அப்படி ஒதுங்க இடமில்லை.

*

ஒரு சட்டைக்கு எவ்வளவு நூல் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். நூலின் பருமனை நம்பரால் சொல்வார்கள். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 20ஆம் நம்பர் நூல். 200 கிராம் எடையுள்ள ஒரு சட்டைத் துணி முழுவதும் அந்த நூலால் நெய்யப்பட்டது என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 7,400 கெஜம் இருக்கிறது. கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர். ஒற்றைக் கதிர் ராட்டையில் பழகிய கை மணிக்கு 300 கெஜம் நூற்றால், நூற்க மட்டும் 25 மணி நேரம் ஆகும்.

அதற்கு முன்னால் எத்தனை வேலை! பருத்தியிலிருந்து கொட்டை நீக்க வேண்டும். வில்லடித்துப் பஞ்சைக் கொட்டி, தூசியும் தும்பும் போக்க வேண்டும். அடித்த பஞ்சை விரல் தடிமனுக்கு உருட்டிப் பட்டை போட வேண்டும். பட்டை சரியில்லையென்றால் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இழை அறும். வலக்கை ராட்டையைச் சுற்ற, இடக்கை பட்டையைப் பின்னோக்கி இழுக்க, பஞ்சு முறுக்கேறி இழையாகும். கை பின்னால் போய் நிற்கும் கணத்தில் ராட்டையை லேசாகப் பின்திருப்பி, நூற்ற இழையைக் கதிரில் சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி இழு, மறுபடி சுற்று. பார்க்கிறவருக்கு அமைதியான காட்சிதான். நூற்கிறவரின் தோளும் முதுகும் வேறு கதை சொல்லும்.

காந்திக்கே நூற்புக்கும் நெசவுக்கும் உள்ள வித்தியாசம் தொடக்கத்தில் தெரிந்திருக்கவில்லை. 1909இல் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதிய காலத்தில் ராட்டையையும் தறியையும் பிரித்தறியாமல் பேசியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சபர்மதி ஆசிரமத்தில் தறி வந்த பிறகும் அதில் ஓடியது மில் நூல்தான். மில் முதலாளிகள் தயவில் நூலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது அவரை உறுத்தியது. ராட்டையைத் தேடிப் பல இடங்களில் விசாரித்தார்கள். கடைசியில் கங்காபென் மஜும்தார் என்ற பெண், பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூரில், வீட்டுப் பரணில் போட்டுவைத்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். பட்டை கொடுத்தால் நூற்கத் தயார் என்று அந்த வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். முதலில் பட்டைகூட மில்லிலிருந்துதான் போயிற்று. பிறகு பஞ்சு கொட்டுகிறவர் ஒருவரையும் கங்காபென்தான் தேடிப் பிடித்தார். கதர் இயக்கத்தின் முதல் ஆள் யார் என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்வதே நியாயம். நம் பள்ளிப் பாடங்களில் அந்தப் பெயர் வருவது அரிது.

மதுரை மேலமாசி வீதி வீட்டு மாடியில், 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி அரைமுண்டுக்கு மாறியதைச் சென்ற இதழில் பார்த்தோம். ஏழைகளால் கதர் வாங்க முடியவில்லை என்ற பேச்சுதான் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. வாங்குகிறவரின் ஏழ்மை அங்கே பேசப்பட்டது. செய்கிறவரின் ஏழ்மை பேசப்படுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகின.

*

1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய காந்தி, கட்சியில் உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். தானே நூற்க இயலாதவர் பிறரை நூற்கச் செய்து தரலாம். நம் கணக்கின்படி அது ஒரு சட்டைத் துணியில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். வக்கீல்களும் மிராசுதார்களும் அதற்கே திணறினார்கள். 1925 செப்டம்பரில் பாட்னாவில் விதி தளர்த்தப்பட்டது. அதே கூட்டத்தில் அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது.

சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள். கதர் சங்கம் என்றோ நெசவாளர் சங்கம் என்றோ வைக்கவில்லை. நூற்போர் சங்கம்.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஏற்கெனவே ஒரு வேலை தொடங்கியிருந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். 1925 பிப்ரவரி 6இல் அதைத் திறந்துவைத்தவர் ஈ.வெ.ராமசாமி. தமிழ்நாடு கதர் வாரியத்தின் தலைவராக இருந்து, கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர் அவர். வாரியத்தின் செயலாளராக இருந்தவர் எஸ்.ராமநாதன். அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். ராமநாதனும் பிறகு சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார். பிற்காலத்தில் எதிரெதிர் முகாம்களாகிவிட்ட ராஜாஜியும் பெரியாரும் ஒரு நூல் கிடங்கின் வாசலில் சேர்ந்து நின்ற நாள், ஆசிரமம் திறந்த அந்த நாள். இரண்டு பக்கத்து வரலாற்றாசிரியர்களும் அந்த நாளைச் சுருக்கமாகவே எழுதுகிறார்கள். இந்தத் தொடருக்கு அது பெரிய நாள்.

புதுப்பாளையம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் அடுப்பு இல்லை. வக்கீல் தொழிலில் பேரும் பணமும் பார்த்த ராஜாஜி அங்கே குடிசையில் தங்கிச் செய்த வேலை, சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுப்பது, நூலை எடை போட்டு வாங்குவது, காசு கொடுப்பது, நூலை நெசவாளரிடம் சேர்ப்பது, துணியை விற்பது. தீண்டாமை பார்க்காத ஆசிரமம் என்பதால் ஊரின் எதிர்ப்பும் வந்தது. க.சந்தானம் அங்கே துணை நின்றார். மதுவிலக்குக்காக 1929இல் ராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ இதழுக்கு உதவ வந்த கல்கி கிருஷ்ணமூர்த்தியும் அந்தக் குடிசைகளில் வாழ்ந்தவர்தான். 1925 மார்ச்சில் காந்தியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நூல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வரிசையில் நின்று காசு வாங்கிப் போன பெண்களின் பெயர்கள் மட்டும் நம் புத்தகங்களுக்குள் வரவில்லை. ஆசிரமத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் ராஜாஜியைப் பற்றி எழுதினார்கள்.

தமிழ்நாட்டுக் கதரின் மற்றொரு மையம் திருப்பூர். நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்துதான் இயங்கியது. இன்று பின்னலாடைக்குப் பேர்போன ஊரை அன்று கதரின் தலைநகர் என்றார்கள். கொடி காத்த குமரன் அடிபட்டு 1932 ஜனவரி 11இல் இறந்ததும் அந்த ஊரில்தான்.

*

நூற்பவளின் கூலி முதன்முதலாக ஒரு கொள்கைப் பிரச்சினையானது 1935இல். அதுவரை நாள் முழுக்க நூற்றால் ஓரணா, அதற்கும் குறைவு என்றே கிடைத்துக்கொண்டிருந்தது. கதரை மலிவாக்கினால்தான் விற்கும், விற்றால்தான் இயக்கம் நிற்கும் என்பது கடைக்காரக் கணக்கு. காந்தி அதைத் திருப்பிப் போட்டார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா தர வேண்டும் என்றார். சங்கத்துக்காரர்கள் மலைத்துப் போனார்கள். பேசிப் பேசி மூன்றணாவில் வந்து நின்றது. கூடவே, கூலி வாங்கும் பெண் தானும் கதர் உடுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நூலை விற்றுவிட்டு மில் சேலை வாங்கிக் கட்டும் நிலை மாற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கதர் விலை ஏறியது. நகரத்து வாங்குவோர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் நம் துணி வரலாற்றில் ஒரு பொருளின் விலையை வாங்குகிறவரின் சட்டைப் பையிலிருந்து தொடங்காமல், செய்கிறவளின் வயிற்றிலிருந்து தொடங்கிக் கணக்குப் போட்ட முதல் தருணம் இதுதான். கதர் இயக்கத்தின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால், கொடியையும் ஊர்வலத்தையும் விட்டுவிட்டு இந்த மூன்றணாவைச் சொல்லலாம்.

கூலியை உயர்த்த மற்றொரு வழியும் இருந்தது. அதே நேரத்தில் அதிக நூல் தரும் ராட்டை. 1929 ஜூலையில் நூற்போர் சங்கம் அப்படியொரு ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் தர வேண்டும். சாதாரணக் குடிசைக்குள் வைத்து ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமமில்லாமல் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெரிய பெரிய எந்திரக்காரர்கள் முயன்றார்கள், கிர்லோஸ்கர் நிறுவனமும் ஒன்றைச் செய்து அனுப்பியது. பரிசை யாரும் வாங்கவில்லை.

அதற்கு விடை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது, காந்தி மறைந்த பிறகு. ஏகாம்பரநாதன் என்ற தமிழர் 1949 வாக்கில் தானாக முயன்று மரத்தால் ஒரு ராட்டை செய்தார். மில்லில் நூல் முறுக்கும் எந்திரத்தின் தத்துவத்தை ஒரு பெட்டி அளவுக்குச் சுருக்கி, கையால் சுற்றும்படி அமைத்தது அது. பஞ்சை இழுத்து மெலிதாக்கும் வேலையை உருளைகள் செய்துவிடும். முதலில் இரண்டு கதிர், பிறகு நான்கு. நூற்பவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அறுந்த இழையை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய பெயரின் நடுத்துண்டை எடுத்து ‘அம்பர் சர்க்கா’ என்று நாடு முழுவதும் அழைத்தார்கள். ஆகாயத்தைக் குறிக்கும் வடசொல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. அது ஒரு தமிழரின் பெயர்.

1955இல் கிராம, சிறு தொழில்களுக்கான கார்வே குழு, நாட்டின் கூடுதல் துணித் தேவையை மில்லுக்கு விடாமல் கையுழைப்புத் துறைக்கே ஒதுக்க வேண்டும் என்று சொன்னபோது இந்த ராட்டையை நம்பித்தான் சொன்னது. 1956இல் அம்பர் ராட்டையை ஆராயவே தனிக் குழு ஒன்று அமைந்தது. கதர், கிராமத் தொழில் ஆணையம் 1957இல் செயல்படத் தொடங்கியது. கிராமம் கிராமமாக சர்வோதய சங்கங்களின் நூற்புக் கூடங்கள் எழுந்தன. நூற்பவள் வீட்டுத் திண்ணையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். வேலை நேரம் வந்தது, வருகைப் பதிவேடு வந்தது. பதிவேட்டிலாவது அவள் பெயர் ஏறியது.

*

அதே 1950களில் தமிழ்நாட்டுக் கைத்தறி நெருக்கடியில் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் துணி தேங்கிக் கிடந்தது. முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டி சேலை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியோடு வாதாடினார். எதிர்க்கட்சியான தி.மு.க. கைத்தறித் துணியை வீதிக்கு எடுத்து வந்தது. 1953இல் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பெரியார் கதரைச் சுமந்த அதே தோள் வழக்கம். நெசவாளர் வயிற்றுக்காகக் கட்சி பேதமில்லாமல் தமிழ்நாடு குரல் கொடுத்த காலம் அது, பெருமைக்குரிய காலம்.

ஆனால் அந்தத் துணியில் இருந்தது மில் நூல். நூற்பவளுக்காக அப்படித் தோளில் சுமந்து தெருவில் இறங்க எந்தக் கட்சியும் வரவில்லை. அரசியலில் நெசவாளர் வாக்கு உண்டு. தெருத் தெருவாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் அவர்கள். நூற்பவள் சிதறிக் கிடந்தாள். சிதறிக் கிடப்பவர்களுக்காக யாரும் ஊர்வலம் நடத்துவதில்லை.

இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. 2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். 1905 ஆகஸ்ட் 7 சுதேசி இயக்க நினைவாகத் தேசியக் கைத்தறி நாள் வந்தது, முதல் விழா 2015இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நூற்புக்கு அப்படி ஒரு நாள் இல்லை. கதர்க் கூடங்களில் இப்போது எட்டுக் கதிர்களோடு இரும்பு ராட்டைகள். பஞ்சு கொட்டுவதும் பட்டை போடுவதும் கிராமத்தை விட்டே போய்விட்டன. கதர் ஆணையம் சித்ரதுர்கா போன்ற இடங்களில் நடத்தும் ஆலைகளிலிருந்து பட்டை தயாராக வந்து இறங்குகிறது. கங்காபென் தேடிப் பிடித்த பஞ்சு கொட்டுபவர் இந்தச் சங்கிலியிலிருந்து காணாமல் போனார்.

கூலி? 1,000 மீட்டர் சிட்டம் ஒன்றுக்கு 7 ரூபாய் 50 காசாக இருந்தது 2023 ஏப்ரலில் 10 ரூபாயாகவும், 2024 அக்டோபரில் 12 ரூபாய் 50 காசாகவும், 2025 ஏப்ரலில் 15 ரூபாயாகவும் உயர்ந்திருக்கிறது. மேலே போட்ட சட்டைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 6.8 கிலோமீட்டர் நூலுக்கு நூற்றவர் கைக்குப் போவது சுமார் 102 ரூபாய். கடையில் அந்தச் சட்டை என்ன விலைக்குத் தொங்குகிறது என்பது வாசகருக்கே தெரியும்.

*

இந்தப் பின்னணியோடு மறுபடி ஜவ்வாது மலையடிவாரத்துக்கு வந்தால், அங்கே நடப்பதன் அருமை விளங்கும். தறி சென்னிமலையில் ஓடுகிறது, ஊசி மலையடிவாரத்தில் ஓடுகிறது. துணி வாங்குகிறவருக்கு நெய்தவரும் தைத்தவரும் மனிதர்களாகத் தெரிகிறார்கள். சந்தையில் முகமே இல்லாத ஒரு பொருளுக்கு இந்த இளைஞர்கள் முகம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் மலைக்கும் சமவெளிக்கும் நடுவில், பெரிய முதலீட்டுக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில் இருந்துகொண்டு. தறியை வளர்க்கும் ஒரு முயற்சி தன் நெற்றியில் நூற்பவளின் வேலையை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் ஒரு வாக்குறுதி என்றே இந்தத் தொடர் எடுத்துக்கொள்கிறது.

வாக்குறுதி நிறைவேற முடியாதது அல்ல என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணங்கள் உண்டு. கர்நாடகத்தின் மேல்கோட்டையில் சுரேந்திர கௌலகி 1960இல் நிறுவிய ஜனபத சேவா டிரஸ்ட், கதர் வேலையை விடாமல் நடத்திவருகிறது. சென்னையில் அனந்துவும் நண்பர்களும் நடத்தும் ‘துலா’, மானாவாரியில் ரசாயனமில்லாமல் விளைந்த நாட்டுப் பருத்தியை எடுத்து, கையால் நூற்று, கையால் நெய்து, இயற்கைச் சாயமிட்டுத் தைத்துத் தருகிறது. விவசாயியில் தொடங்கி நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், தைப்பவர் வரை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்து அங்கே விலை பிறக்கிறது. 1935இன் மூன்றணா வேறு உருவில் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

துணி எடுக்கப் போகும் வாசகர்களிடம் இந்தத் தொடர் ஒன்றே ஒன்று கேட்கிறது. கைத்தறிக் கடையிலோ கதர்க் கடையிலோ சேலையின் சரிகையையும் கரையையும் பார்த்த பிறகு, இது எந்த ஊரில் நெய்தது என்று கேட்போம் அல்லவா, அதோடு சேர்த்து இந்த நூலை யார் நூற்றார்கள் என்றும் கேளுங்கள். முதல் பத்துக் கடைகளில் பதில் வராது. கேள்வி பழகட்டும். நெய்தவரின் பெயரைத் துணியோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கமும் யாரோ கேட்கத் தொடங்கிய பிறகு வந்ததுதான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போகிறவர்கள் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நூறாண்டு கடந்தும் அது இருக்கிறது.

அடுத்த இதழில் சென்னிமலை: கந்த சஷ்டி கவசம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் குன்றின் அடியில், போர்வை நெய்து பிழைத்த ஊரின் கதை.